ஹைதராபாத் புல்தரைகளில் புளியாரை: அடையாளமும் கட்டுப்பாடும்

புல்தரையில் வேண்டாமல் முளைக்கும் செடிகளைக் களையியலார் புல்வகை, கோரைவகை, அகன்ற இலைவகை என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். பார்வைக்கு எளிய பாகுபாடாகத் தோன்றினாலும், இதன் பயன் முழுவதும் கட்டுப்பாட்டில்தான் தெரிகிறது. வளர்க்கப்படும் புல்லும் களையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் ஒன்றைக் காத்து மற்றொன்றை அழிப்பது கடினம். களை இருவித்திலைத் தாவரமாக, அதாவது அகன்ற இலைவகையாக இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள உடலியல் வேறுபாடு உழவருக்கும் தோட்டக்காரருக்கும் ஒரு பிடியைத் தருகிறது. ஹைதராபாத் நகரின் புல்தரைகளில் வெட்டுக்காயப் பூண்டு, அம்மான் பச்சரிசி, சிறுபுள்ளடி, பொடுதலை முதலிய அகன்ற இலைக் களைகள் பரவலாகக் காணப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியதும், பெரும்பாலும் கவனிக்கப்படாமலே நிலத்தைப் பிடித்துவிடுவதும் புளியாரை ஆகும். ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா என்ற அறிவியல் பெயரை 1753இல் லின்னேயஸ் இதற்கு இட்டார். தெலுங்கு பேசும் மக்கள் இதைப் புலிசிந்த என்கின்றனர். உலகின் வெப்ப, மிதவெப்பப் பகுதிகள் அனைத்திலும் மனிதக் குடியிருப்புகளை ஒட்டியே இது பரவியிருப்பதால், இதன் பிறப்பிடம் எது என்பது பற்றித் தாவரவியலாரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஹைதராபாத்தின் புல்தரைகள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. 1806இல் உருவான செகந்திராபாத் கண்டோன்மென்ட்டின் பங்களாக்களும் திடல்களும், நிஜாம் ஆட்சியில் 1846இல் அமைந்த பாக்-ஏ-ஆம் என்னும் பொதுத் தோட்டமும் முதல் அடுக்கு எனலாம். 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின் மாதாப்பூர், கச்சிபௌலி பக்கங்களில் எழுந்த நிறுவன வளாகங்களும் அடுக்ககங்களும் கொண்டுவந்த புல்விரிப்புகள் பரப்பளவில் மிகப் பெரிய அண்மை அடுக்கு. முந்தையவற்றில் அருகம்புல் நாற்றுகளைக் கையால் ஊன்றிப் பல மாதம் பராமரித்துத் தரையை உருவாக்கினர். பிந்தையவற்றிலோ வேறெங்கோ வளர்த்துச் சுருட்டிய புல்பாய்களைச் சதுர அடிக் கணக்கில் வாங்கி ஓரிரு நாளில் விரித்துவிடுகின்றனர். இந்த வேறுபாடு களைப் பிரச்சினையையும் பாதிக்கிறது என்பதைப் பின்னர் காணலாம். மெக்சிகன் புல், கொரியன் புல், செலக்‌ஷன்-1 என்று நாற்றுப்பண்ணைகளில் வழங்கும் பெயர்கள் வணிகப் பெயர்களே. ஒரே பெயரில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு இனங்கள் விற்கப்படுவதும் உண்டு. களைக்கொல்லி தெளிக்க எண்ணுபவர் தம் தரையில் இருப்பது சைனோடான் இனமான அருகம்புல்லா, ஜாய்சியா இனமா, தடித்த இலையுடைய ஸ்டெனோடாஃப்ரமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்ன இனம் சில களைக்கொல்லிகளுக்குக் களையைப் போலவே பலியாகும்.

புளியாரையை அடையாளம் காண முதல் சான்று அதன் இலை. மெல்லிய நீண்ட காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து விரியும். ஒவ்வொன்றும் இதய வடிவினது. இதயத்தின் கூர்முனை காம்போடு பொருந்தியிருக்க, பிளவுபட்ட அகன்ற பக்கம் வெளிநோக்கி இருக்கும். சிற்றிலைகள் நடுநரம்பின் வழியே மடியும் இயல்புடையவை. இரவிலும் கடும் நண்பகல் வெயிலிலும் அவை குடைபோல் கீழ்நோக்கித் தொங்கும். இலையடியிலுள்ள பல்வினஸ் என்ற சிறு புடைப்பில் செல்களின் நீரழுத்தம் மாறுவதே இவ்வசைவுக்குக் காரணம். தண்டு தரையோடு ஒட்டிப் படர்ந்து, கணுக்களில் வேர்விடும். இலைக்காம்பின் அடியில் மிகச் சிறிய இலையடிச் செதில்கள் இருக்கும். பூ மஞ்சள் நிறம், ஐந்து இதழ். காலை வெயிலில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். காய் நிமிர்ந்து நிற்கும், ஐந்து முகட்டுக் கோடுகள் கொண்ட, மென்மயிர் போர்த்த, 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமான குழல். அதைத் தாங்கும் காம்பு கீழ்நோக்கி வளைந்திருக்க, காய் மட்டும் மேல்நோக்கித் திரும்பி நிற்பது இந்தச் செடிக்கே உரிய தோற்றம். இலையை மென்றால் ஆக்சாலிக் அமிலத்தின் புளிப்பு நாவில் உடனே தெரியும். ஆனால் மருந்து தெளிக்கப்பட்டிருக்கக்கூடிய பொதுப் புல்தரையில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பதே முறை. செம்பு கலந்த ஊதா நிற இலைகளுடைய ஒரு வகையும் நகரத் தோட்டங்களில் உண்டு. நடைபாதைக் கற்களின் இடுக்கில் இதுவே மிகுதியாகக் காணப்படுவதால் சிலர் இதைத் தனிச் செடி என்று எண்ணிவிடுகின்றனர். இரண்டும் ஒரே இனமே.

மூன்று சிற்றிலை உடையவை அனைத்தும் புளியாரை ஆகா. ஹைதராபாத் புல்தரைகளில் இதனோடு மிகவும் குழப்பப்படுவது அவரைக் குடும்பத்துச் சிறுபுள்ளடி. அதன் சிற்றிலைகளும் நுனியில் லேசாகப் பிளவுபட்டிருக்கும், அதுவும் தரையோடு படரும். ஆயினும் அதன் பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு, காயோ கணுக்கணுவாகத் துண்டாகி ஆடையில் ஒட்டிக்கொள்வது, இலையில் புளிப்பும் இராது. குளோவர் என்ற குளிர்நாட்டுத் தீவனச் செடியின் சிற்றிலையில் பிளவு கிடையாது, வெளிர் நிறப் பிறை ஒன்று தெரியும். வெளிநாட்டுத் தோட்ட நூல்களைப் படித்துவிட்டு இங்குள்ள புளியாரையைக் குளோவர் என்று அழைப்பது படித்தவர்களிடையே அடிக்கடி நிகழும் பிழை. நான்கு சிற்றிலைகளோடு ஈரத் தாழ்விடங்களில் தோன்றும் ஆரைக்கீரை பூக்காத் தாவரமான ஒரு பெரணி. புளியாரையின் நெருங்கிய உறவினமான ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா மட்டும் தனிக் கவனத்திற்குரியது. ஊதா நிறப் பூவும் மீன்வால் போல் விரிந்த சிற்றிலைகளும் கொண்ட அது, மண்ணுக்கடியில் குமிழ்களை உண்டாக்கும். நீலகிரியின் உருளைக்கிழங்கு வயல்களில் நெடுங்காலத் தொல்லையான அக்களை நாற்றுத்தொட்டிகளின் வழியே எந்த நகரத்துக்கும் வரக்கூடியது. அதைக் கையால் பிடுங்கினால் குமிழ்கள் மண்ணிலேயே சிதறி முன்னிலும் பெருகும் என்பதால், புளியாரைக்குச் சொல்லும் வழிகள் அதற்குப் பொருந்தா. அடையாளத்தில் தவறினால் வைத்தியமும் தவறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புளியாரையின் வலிமை அதன் விதைபரப்பும் முறையிலும், வெட்டுக்குத் தப்பும் உருவத்திலும் இருக்கிறது. முற்றிய காய்க்குள் ஒவ்வொரு விதையையும் விறைப்பான வெண்ணிறச் சவ்வு ஒன்று மூடியிருக்கும்; ஒரு குறிப்பிட்ட நிலையில் அது திடீரெனப் பிளந்து உட்புறம் வெளியாகத் திரும்பும்போது விதை காயின் பிளவு வழியே ஓரிரு மீட்டர் தொலைவுக்குத் தெறிக்கிறது. குறுக்குவரிப் பள்ளங்கள் கொண்ட சிறு விதைகள் ஈரமான செருப்பிலும் புல்வெட்டியின் அடித்தட்டிலும் தோட்டக்காரரின் கூடையிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். தன்மகரந்தச் சேர்க்கையாலேயே காய்க்க வல்லது ஆதலால், தனியாக வந்து சேர்ந்த ஒரு செடிகூட ஒரு குடியேற்றத்தைத் தொடங்கப் போதுமானது. விதைகள் நீண்ட உறக்கம் கொள்வதில்லை. ஈரமும் ஒளியும் கிடைத்தால் விரைவில் முளைப்பதால், ஓர் ஆண்டில் பல தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளர்கின்றன. ஆழத்தில் புதைந்தவற்றைவிட மேற்பரப்பில் கிடப்பவையே நன்கு முளைக்கும் என்ற இயல்பு, பின்னர் வரும் மூடாக்கு முறைக்கு அடிப்படையாகிறது. இவை தவிர, முதிர்ந்த செடியின் ஆணிவேர் கடும் கோடையில் மேற்பகுதி கருகிய பின்னும் உயிர்தாங்கிக் கிடந்து முதல் மழையில் துளிர்க்கிறது. புல்வெட்டியோ அதன் தலைக்கு மேல் கடந்து செல்கிறது. தொடர்ந்து தாழ வெட்டப்படும் இடங்களில் இந்தச் செடி நிமிராமல் தரையோடு படிந்து வளர்ந்து, கத்திக்கு எட்டாத உயரத்திலேயே பூத்துக் காய்க்கும்.

இக்களை ஏன் சில தரைகளைப் பிடிக்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது என்பதே ஆராய வேண்டிய மையக் கேள்வி. இதற்கு விடை காண ஒளிச்சேர்க்கை முறைகளின் வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். அருகம்புல் சி-4 வகைத் தாவரம். அதாவது காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைக்குள் செறிவாக்கிக் கொள்ளும் கூடுதல் அமைப்பு அதற்கு இருப்பதால், மிகுந்த வெப்பத்திலும் நேரடி வெயிலிலும்தான் அதன் முழு வேகம் வெளிப்படும். புளியாரை சி-3 வகை. நிழலிலும் மிதமான குளிரிலும் அது நிறைவாக வளரும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையோடு, அதன் பெரும்பகுதியை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெறும் ஹைதராபாத்தில், மழைக்காலத்து வெயிலில் அருகம்புல் மேலோங்குகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிர்ந்த இரவுகளில் புல் சோம்பிக் கிடக்கும்போது, நீர் பாய்ச்சப்படும் தரைகளில் புளியாரை முன்னேறுகிறது. வேம்பு, தூங்குமூஞ்சி, புங்கம் முதலிய மரங்களின் நிழலிலோ அடுக்ககங்களின் வடபுறத்திலோ ஆண்டு முழுவதும் இதே நிலைதான். நாள்தோறும் ஐந்தாறு மணிநேர நேரடி வெயில் கிடைக்காத இடத்தில் அருகம்புல் மெலிந்து இடைவெளி விட, அந்த இடைவெளியில் விதை முளைக்கிறது.

மண்ணின் பங்கும் குறைவன்று. நகரின் பெரும்பகுதி கருங்கல் பாறை சிதைந்து உண்டான செம்மண்; உழவர் இதைச் சல்கா என்பர். பட்டன்செருவில் 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் நிலையம் நெடுங்காலம் ஆராய்ந்த மண்வகைகளுள் இதுவும் ஒன்று. மழைத்துளி அடித்ததும் மேற்பரப்பு பொருக்குத் தட்டி, காய்ந்ததும் கெட்டியாகும் குணம் இதற்கு உண்டு. மனிதர் நடமாட்டமும் கட்டுமான எந்திரங்களின் பாரமும் சேர்ந்தால் வேர்களுக்குக் காற்றுப் போவதே அரிதாகிவிடும். அத்தகைய இறுகிய மேற்பரப்பில், நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிக்கப்படும் நீர் ஓரங்குல ஆழத்தையே நனைக்கிறது. புல்லின் வேர் அதற்குக் கீழே செல்லாமல் மேலேயே தங்கிவிட, மேற்பரப்பு ஈரத்தையே நம்பி முளைக்கும் புளியாரைக்கோ அதுவே ஏற்ற படுக்கை. ஆகவே, நீர்ப்பஞ்சம் உள்ள கோடையிலும் டாங்கர் நீரால் காலை மாலை தெளித்துப் பசுமை காட்டும் வளாகங்களில் களை மிகுந்திருப்பதில் வியப்பேதுமில்லை.

களை வந்து சேரும் வழிகளில் முதன்மையானது நாற்றுத்தொட்டி. ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்துக் கடியம் பகுதி நாற்றுப்பண்ணைகளிலிருந்து ஹைதராபாத்துக்கு அழகுச் செடிகள் லாரி லாரியாக வருகின்றன. எந்தப் பண்ணையானாலும், தொடர்ந்து ஈரமும் நிழல்வலையும் உரமும் கிடைக்கும் தொட்டி மேல்மண் புளியாரைக்கு உகந்த நாற்றங்கால்தான். சரியாக மக்காத தொழுவுரமும், தரையைச் சமன்செய்யப் பரப்பும் செம்மண்ணும் அடுத்த வழிகள். உரக்குவியலின் உட்பகுதி பல நாள் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டியிருந்தால் மட்டுமே விதைகள் மடியும். சுருட்டி விற்கும் புல்பாய்களின் மண்ணிலும் விதை மறைந்திருக்கலாம். அதனால்தான் ஓரிரு நாளில் உருவான பளிச்சென்ற புல்தரை சில மாதங்களிலேயே மஞ்சள் பூக்களைக் காட்டத் தொடங்குகிறது.

புளியாரை முளைத்தால் மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு இட வேண்டும் என்றொரு நம்பிக்கை தோட்டக்காரரிடையே பரவலாக உண்டு. செடியின் புளிப்பு அதன் உடலில் உருவாகும் ஆக்சாலிக் அமிலத்தால் வருவது. மண்ணின் அமிலத்தன்மையை அது காட்டுவதில்லை. அமில மண்ணிலும் காரம் சற்று மிகுந்த மண்ணிலும் ஒருசேர வளரும் செடி இது; நடுநிலைக்கு அருகிலிருக்கும் ஹைதராபாத் மண்ணில் சுண்ணாம்பு இடுவதால் களை குறையப் போவதில்லை, இரும்புச்சத்துக் குறைபாட்டால் புல் மஞ்சளடிக்கவே அது வழிசெய்யும். உப்புக் கரைசல், வினிகர், கொதிநீர் ஆகிய வீட்டு முறைகளும் புல்லையும் களையையும் பிரித்தறியாதவை. நடைபாதைக் கல்லிடுக்கில் கொதிநீர் பயன்படலாம், புல்தரையில் உப்பு நெடுநாள் கேடு.

கையால் களைவதே இந்நகரில் இன்றும் மிகுதியாக நடைபெறும் முறை. களைக்கொத்தியை, அங்குள்ளோர் பேச்சில் குர்ப்பியை, கையில் ஏந்திக் குந்தியமர்ந்து வரிசையாக நகரும் பெண் தொழிலாளர்களின் உழைப்பில்தான் பூங்காக்களும் வளாகங்களும் பராமரிக்கப்படுகின்றன. இம்முறையை மலிவானது, பழையது என்று ஒதுக்குவதற்கில்லை. பொருந்திய காலத்தில் செய்யப்படுமானால் வேறெந்த முறையையும்விட இது தெளிவான பலன் தருவது. தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் மண் நெகிழ்ந்திருக்கும்போது, படர்ந்த தண்டின் நுனியைப் பற்றி இழுக்காமல், தாய்ச்செடியின் கழுத்தைத் தேடிக் கொத்தியை அதனடியில் செலுத்தி ஆணிவேரோடு நெம்பி எடுக்க வேண்டும். கணுக்களில் வேர்விட்ட துண்டு ஒன்று எஞ்சினாலும் அது தனிச் செடியாகும். பூக்கும் முன்பே, தவறினால் காய் பச்சையாக இருக்கும்போதே களைந்துவிட வேண்டும். பிடுங்கிய செடியைத் தரையிலேயே போட்டுவிட்டால், அதிலுள்ள காய் முற்றி வெடிக்கும். ஆகவே கூடையில் அல்ல, மூடிய பையில் சேர்த்து அப்புறப்படுத்துவது நல்லது. மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையும் என்று வரிசை தவறாமல் செய்தால், விதைகள் நெடுங்காலம் மண்ணில் உறங்காததால், இரண்டு பருவங்களில் எண்ணிக்கை கண்கூடாகக் குறைகிறது. ஒப்பந்ததாரர் கூலியைப் பரப்பளவுக்குக் கணக்கிட்டுக் கொடுக்கும்போது மேலிலையைக் கிள்ளிவிட்டு நகர்வதே நடக்கிறது; அதில் குறை தொழிலாளருடையதன்று, கணக்கிடும் முறையுடையது.

களைந்த இடம் வெறுமையாகக் கிடந்தால் அடுத்த விதை அங்கேயே முளைக்கும் ஆதலால், புல்லை வலுப்படுத்துவதே கட்டுப்பாட்டின் உயிர்நாடி. அருகம்புல் தரையை 3 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, ஒரு வெட்டில் மொத்த உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்காமல் இருந்தால், புல்லிலைகளின் நிழலே தரைமட்டத்து விதைகளுக்கு ஒளியை மறைக்கும். விழாக்களுக்கு முன்னர் அழகுக்காகத் தரையை ஒட்ட மழிக்கும் பழக்கம் களைக்குக் கதவு திறந்துவிடுவதற்கு ஒப்பானது. நீரை நாள்தோறும் தெளிக்காமல், வாரத்தில் ஓரிரு முறை ஆழமாக நனையுமாறு பாய்ச்சி, இடையில் மேற்பரப்பு காய விட வேண்டும். இறுகிய இடங்களில் முள்கரண்டியால் துளையிட்டு மணலும் நன்கு மக்கிய எருவும் கலந்து நிரப்புவதும், புல் வேகமாக வளரும் மழைக்காலத்தில் தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுவதும் பயன்தரும். குளிர்காலத்தில் இடும் தழைச்சத்தோ சோம்பிய புல்லைவிடக் களைக்கே ஊட்டமாகிறது. மரநிழலைப் பொறுத்தமட்டில் நேர்மையான முடிவு ஒன்றுதான் உண்டு: அடர்ந்த நிழலில் புல்தரை வேண்டாம். அங்கே ஆண்டுதோறும் புதிய புல்பாய் விரிப்பது பணத்தை மண்ணில் போடுவதாகும். சருகு மூடாக்கோ நிழல் தாங்கும் தரைப்போர்வைச் செடிகளோ வைப்பதே தகும். தெலுங்கு மக்கள் விநாயக சவிதி நாளில் படைக்கும் இருபத்தொரு பத்திரிகளில் கரிக எனப்படும் அருகும் ஒன்று. வெயில் விரும்பியான அப்புல்லை நிழலில் வளர்க்க முனைவது அதன் இயல்பை மறந்த செயல்.

புதிதாகத் தரை அமைப்போருக்கு ஹைதராபாத்தின் கோடை ஒரு வாய்ப்பு. ஏப்ரல், மே மாதங்களில் நிலத்தைக் கொத்திச் சமன்செய்து, நன்கு நனைத்து, மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவைத்தால், மேல்மண்ணின் வெப்பம் பெரும்பாலான களைவிதைகள் தாங்காத அளவுக்கு உயர்கிறது. வெயில் மூடாக்கு எனப்படும் இம்முறையை 1970களில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மண்வழி நோய்களுக்கென வகுத்தனர். 1980களில் இக்ரிசாட் அறிவியலாளர் பட்டன்செருவில் துவரை, கொண்டைக்கடலை ஆகியவற்றின் வாடல் நோய்க்கு எதிராக இதைச் சோதித்துள்ளனர். புளியாரை விதைகள் மேற்பரப்பிலேயே கிடப்பவை என்பதால் அதற்கு இது நன்கு பொருந்தும். ஆழத்தில் கிழங்கு வைக்கும் கோரைக்கு இதன் பயன் குறைவு. தாளை எடுத்த பின் நிலத்தை மீண்டும் ஆழக் கொத்தினால் அடியிலுள்ள விதைகள் மேலே வந்து முயற்சி வீணாகும்.

களைக்கொல்லிகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் 2,4-டி என்ற வேதிப்பொருளில் தொடங்குகிறது. 1940களில் அறிமுகமான இது, ஆக்சின் என்னும் தாவர வளர்ச்சி ஊக்கியைப் போல் நடித்து, அகன்ற இலைச் செடிகளில் கட்டுப்பாடற்ற வளர்ச்சியைத் தூண்டி அவற்றை முறுக்கிச் சாகச் செய்கிறது. புல்வகைகள் பெரும்பாலும் இதைத் தாங்குகின்றன. வெட்டுக்காயப் பூண்டு போன்றவை இதற்கு எளிதில் பணிகின்றன. புளியாரையோ 2,4-டி தனித்துத் தெளிக்கப்படும்போது அரைகுறையாக வாடிப் பிறகு துளிர்க்கும் இயல்புடையது. இதனாலேயே வெளிநாட்டுப் புல்தரைத் துறையில் ட்ரைக்ளோபைர், ஃப்ளூராக்சிபைர் ஆகியவற்றைச் சார்ந்த கலவைகளை இதற்கு நாடுகின்றனர். அந்த நாடுகளின் தோட்ட நூல்கள் கூறும் கலவைப் புட்டிகளை ஹைதராபாத் கடைகளில் தேடி அலைவது பயனற்றது. இந்தியாவில் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி ஒவ்வொரு மருந்தும் குறிப்பிட்ட பயிருக்கும் களைக்கும் பதிவு பெற வேண்டும். கடைகளில் கிடைக்கும் அகன்ற இலைக் களைக்கொல்லிகளின் சிட்டைகள் நெல், கோதுமை, கரும்பு முதலிய வயற்பயிர்களுக்காக எழுதப்பட்டவை. ராஜேந்திரநகரிலுள்ள பேராசிரியர் ஜெயசங்கர் வேளாண் பல்கலைக்கழகத்தின் களை ஆய்வு மையமும் ஜபல்பூரிலுள்ள தேசியக் களை ஆய்வு இயக்ககமும் இயல்பாகவே உணவுப் பயிர்களில் கவனம் செலுத்துகின்றன. வீட்டுப் புல்தரைக்கென இந்நாட்டு நிலைமையில் எழுதப்பட்ட வழிகாட்டுதல் அரிதாக இருப்பது இத்துறையின் உண்மையான குறை.

வயலுக்கான அளவை வீட்டுத் தரைக்கு மாற்றும்போது எழும் இடரை எளிய கணக்கே காட்டும். 2,4-டி வயலில் ஹெக்டேருக்கு அரை முதல் ஒரு கிலோ வீரியப்பொருள் என்ற அளவில் இடப்படுகிறது. 100 சதுர மீட்டர் தரைக்கு அது 5 முதல் 10 கிராம். மெட்சல்ஃபியூரான் மெத்தில் என்ற மற்றொரு களைக்கொல்லி கோதுமையில் ஹெக்டேருக்கு 4 கிராம் மட்டுமே போதும் அளவுக்கு வீரியமானது. அதே 100 சதுர மீட்டருக்குத் தேவைப்படுவது 0.04 கிராம், அதாவது 20 விழுக்காட்டுத் தூளில் 0.2 கிராம். வீட்டில் எவரிடமும் இதை அளக்கும் தராசு இராது. ஒரு சிட்டிகை கூடினால் அந்த மருந்து மண்ணில் தங்கி அருகிலுள்ள புதர்களையும் மரங்களின் வேர்களையும் தாக்கக்கூடும். பென்டிமெத்தலின் போன்ற முளைக்குமுன் தெளிப்பவை சிறு விதைகளின் வேர்களை முடக்குபவை ஆதலால், வேரூன்றிய பழைய தரையில் பயன்படினும், புதிதாக ஊன்றிய அருகம்புல் நாற்றின் வேரையும் அவை முடக்கும். கிளைஃபோசேட் புல்லையும் களையையும் ஒருங்கே கொல்வது. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் என வரையறுத்தது. புல்தரையில் அதற்கு இடமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் பின்னும் 2,4-டி பயன்படுத்த முடிவுசெய்யும் கால்பந்துத் திடல், கோல்ஃப் மைதானம் போன்ற பெரும்பரப்புப் பராமரிப்பாளர்கள் சில வரம்புகளை மீறலாகாது. எஸ்டர் வடிவம் வெப்பத்தில் ஆவியாகிப் பரவும். 40 டிகிரியைத் தொடும் இந்நகரில் அமீன் உப்பு வடிவமே ஓரளவு ஏற்கத்தக்கது. அதையும் மார்ச் முதல் மே வரை தெளிக்கக் கூடாது. இலை முழுதும் விரிந்திருக்கும் காலை வேளையில், காற்று ஓய்ந்திருக்கும்போது, முந்தைய இரு நாளும் பிந்தைய இரு நாளும் புல் வெட்டாமல் தெளிப்பது முறை. பருத்தி, திராட்சை, தக்காளி ஆகியவை 2,4-டியின் நுண்துளிக்கே இலை சுருண்டு பாதிக்கப்படும் பயிர்கள். ஹைதராபாத்தின் விளிம்பில் இவை அனைத்தும் பயிராகின்றன, மாடித் தோட்டங்களில் தக்காளி இல்லாத வீடு குறைவு. தெளித்த தரையின் வெட்டுப்புல்லை எருக்குழியில் இடுவதும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இப்பொருளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உடையது என்ற 2-பி பிரிவில் வைத்தது. 2020 மே மாதம் இந்திய அரசு தடைசெய்யக் கருதி வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருந்தது. குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடும் அடுக்ககப் புல்தரையில், சில மஞ்சள் பூக்களுக்காக இதை நாடுவதற்கு வலுவான நியாயம் தென்படவில்லை.

இயற்கை எதிரிகளைக் கொண்டு களையை ஒடுக்கும் முறை இந்தியாவில் பார்த்தீனியம் களைக்குப் பயன்பட்டுள்ளது. 1955இல் புணேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய, தெலுங்கில் வய்யாரிபாமா எனப்படும் அந்தக் களைக்கு எதிராக மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜைகோகிராமா வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. புளியாரைக்கு அத்தகைய முயற்சி தேவையுமில்லை, விரும்பத்தக்கதும் அன்று. இது கீரையாகவும் துவையலாகவும் உண்ணப்படுகிறது, நாட்டு மருத்துவத்தில் இடம்பெறுகிறது. ஆக்சலேட் மிகுதியால் சிறுநீரகக் கல் உடையோர் தவிர்க்க வேண்டும் என்பது ஒன்றே இதன் உணவுப் பயனுக்கான எச்சரிக்கை. சூடோசிசீரியா மஹா என்ற சிறு நீல வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இதன் இலையைத் தின்றே வளர்கின்றன. மறுபக்கத்தில், மக்காச்சோளத் துரு நோயை உண்டாக்கும் பக்சினியா சோர்கி என்ற பூஞ்சை தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு கட்டத்தை ஆக்ஸாலிஸ் செடிகளில் கழிக்கிறது என்பதை அமெரிக்கப் பூஞ்சையியலார் ஜே. சி. ஆர்தர் 1904இல் நிறுவினார். மக்காச்சோளம் பெருமளவில் விளையும் தெலங்கானாவில் இச்செய்தி கவனத்துக்குரியது. ஆயினும் வெப்ப நாடுகளில் அப்பூஞ்சை பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து மக்காச்சோளத்துக்கே தொற்றிச் செல்வதால், நகரப் புல்தரையின் புளியாரையை இதற்குக் குற்றவாளியாக்குவது மிகையாகும்.

எவ்வளவு களை வரை பொறுக்கலாம் என்பது தரையின் பயனைப் பொறுத்தது. பந்து உருளும் கோல்ஃப் பசுந்திட்டில் ஒரு செடியும் குறைதான். நடப்பதற்கும் அமர்வதற்குமான வீட்டுத் தரையில் பத்தில் ஒரு பங்கு புளியாரை இருந்தாலும் பசுமைக்கோ பயனுக்கோ குறையில்லை. அந்த அளவைத் தாண்டுமானால் மருந்துக் கடைக்குச் செல்லுமுன் வெயில், வெட்டும் உயரம், நீர் பாய்ச்சும் முறை, மண்ணின் இறுக்கம் ஆகிய நான்கையும் திருத்தி ஒரு மழைக்காலம் பொறுத்திருக்க வேண்டும். அதன் பின்னும் மீந்திருப்பதைக் குர்ப்பி பார்த்துக்கொள்ளும். புதிய செடி வாங்குவோர், தொட்டியின் மேல்மண்ணை ஓரங்குலம் சுரண்டி மூடிய பையிலிட்டு அகற்றிய பின்னரே அதைப் புல்தரைக்கு அருகில் நடவேண்டும்.